ஞாயிற்றுக்கிழமை எண்கள்

நாமக்கல்
14.7.2025

டாக்டர் இஜாஸ் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அத்தாயி போய் ஒரு வருடமும் ஏழு மாதமும் ஆகின்றன. இதுவரை உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இனி அப்படி இருப்பதாக இல்லை.

நீங்கள் என்று எழுதக் கை வரவில்லை. பதினாறு வயதிலிருந்து வாடா போடா என்று பேசிய வாய். நீ என்றே எழுதுகிறேன். அதை நெருக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்ற வாரம் உன் ஆஸ்பத்திரியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. ஆய்வின் முதல் கட்டம் முடிந்துவிட்டது, உங்கள் மனைவி திருமதி அத்தாயி ஒப்பீட்டுக் குழுவில் இருந்தார், அவருடைய பங்களிப்புக்கு நன்றி. மூன்றே வரி. ஒப்பீட்டுக் குழு என்றால் என்னப்பா என்று கிருத்திகா கேட்டாள். கோயமுத்தூரிலிருந்து வார விடுமுறைக்கு வந்திருந்தாள். இருபத்தெட்டு வருடம் உயிரியல் நடத்துகிறவன், பெற்ற மகளுக்கு நானே விளக்கம் சொன்னேன். உன் அம்மாவுக்கு ஒன்பது மாதம் ஏற்றியது மருந்து இல்லை சாமி, உப்புத் தண்ணீர்.

உனக்கு நோயாளிகள் அதிகம், மறந்திருப்பாய். நினைவுபடுத்துகிறேன். முதலில் அவளுக்குக் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்தன. பிறகு தோல் இறுகியது. மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தோம். வாய் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் திறக்கவில்லை. இட்லியைப் பிட்டுத் தள்ளித்தான் சாப்பிட்டாள். பிறகு இருமல். உன்னிடம்தான் கூட்டி வந்தேன். எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது, தோலோடு நுரையீரலும் இறுகுகிறது, அபூர்வமான நோய் என்றாய். அந்தச் செல்களை அடக்குகிற ஓர் எதிர்ப்பொருள் மருந்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம், அத்தாயியைச் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டாய்.

பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று எனக்கே தெரியாது என்று சொன்னாய். அதை நான் நம்பவில்லை. உன் ஆஸ்பத்திரியில், உன் ஆய்வில், உனக்குத் தெரியாமல் ஒன்று நடக்குமா? ஊருக்காக அப்படிச் சொல்கிறான், நண்பன் பெண்டாட்டிக்கு நல்லதைத்தான் ஏற்றுவான் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

பக்கத்துப் படுக்கையில் பனமரத்துப்பட்டி நல்லம்மாள் படுத்திருப்பார். நாலாம் மாதம் அந்த அம்மாள் முறுக்கு கொண்டுவந்து எங்கள் எதிரிலேயே கடித்துக் காட்டினார். "ஏஞ் சாமி, உனக்குப் போடறது பச்சத் தண்ணியோ என்னமோ, எனக்குப் போடறது மருந்துதான். பாத்துக்க, கடக்கு முடக்குனு சத்தம் வருதா?" என்றார். அத்தாயி சிரித்தாள். அவளுக்கு அந்த முறுக்கை உடைத்துக்கூடத் தின்ன முடியவில்லை. அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் உன்னைவிட மூன்று மதிப்பெண் அதிகம் வாங்கியவன் நான். நுழைவுத் தேர்வில் ஒன்றேகால் மதிப்பெண்ணில் எனக்கு இடம் போயிற்று, உனக்குக் கிடைத்தது. முப்பத்தைந்து வருடத்தில் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது சொல்கிறேன். அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் உன் மனைவிக்கு உப்புத் தண்ணீர் ஏற்றியிருக்க மாட்டேன்.

அவள் காரியத்தன்று நீ வாசலில் வந்து நின்றாய். உள்ளே கூப்பிடாமல் திருப்பி அனுப்பினேன். அதற்காக இன்றுவரை வருத்தமில்லை.

நெறிமுறைக் குழுவுக்குப் புகார் அனுப்பிவிட்டேன். நோயாளியின் நிலை மோசமாகிக்கொண்டிருந்தபோது கவனிக்காமல் விட்டதற்காக. கிருத்திகாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

போன் செய்யாதே. உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். நீ பேசினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பதில் சொல்வதென்றால் எழுது. எழுத்தில் இருந்தால் என்னால் திருத்த முடியும்.

தமிழரசு

*

கொண்டப்பநாயக்கன்பட்டி
22.7.2025

அன்புள்ள தமிழுக்கு,

என் கையெழுத்தை மருந்துச் சீட்டு என்று கேலி செய்கிறவன் நீ. அதனால் நிதானமாக எழுதுகிறேன். உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை படித்தேன். திட்டியிருந்தாலும் உன் எழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம்தான். இதைச் சொன்னால் உனக்கு இன்னும் கோபம் வரும். வரட்டும்.

எனக்குத் தெரியாது, தமிழு. உண்மையாகவே தெரியாது. மருந்துப் பைகள் வேறு ஊரில் நிரப்பப்பட்டு, மேலே உறை மாட்டி, எண் ஒட்டி வரும். ஏற்றுகிற நர்ஸ் ஜீவாவுக்கும் தெரியாது, தோலைக் கிள்ளி இறுக்கம் பார்க்கிற எனக்கும் தெரியாது. உனக்குக் கடிதம் வந்த அதே வாரத்தில்தான் பட்டியல் எனக்கும் வந்தது. அத்தாயியின் எண்ணுக்கு நேரே பார்த்தேன். அன்று மீதி நோயாளிகளை வேறு டாக்டரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்திருந்தால் உனக்காக மாற்றியிருப்பேனா என்று யோசித்தேன். மாற்றியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. என்னைப் போன்ற ஆட்கள் இருப்பதால்தான் டாக்டர் கண்ணிலேயே படாமல் வைக்கிறார்கள். வைத்ததால்தான் இந்த மருந்து வேலை செய்கிறது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. இதைக் கேட்க உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் பொய் சொல்ல முடியாது.

உன் புகார் வந்ததும் சேலம் மையத்தைக் குழு நிறுத்தி வைத்துவிட்டது. அது அவர்கள் கடமை. செப்டம்பர் 26 அன்று விசாரணை. இப்போது இரண்டாம் கட்டத்தில் இருப்பவர்கள் பதினோரு பேர். எல்லோருக்கும் அசல் மருந்துதான் போகிறது. விசாரணை முடியும்வரை யாருக்கும் ஏற்ற முடியாது. நல்லம்மாளுக்கு ஆகஸ்ட் கடைசியில் அடுத்த தவணை. தப்பு என்மேல் என்று முடிவானால் மையத்தையே மூடிவிடுவார்கள். சென்னைக்குப் போய் ஏற்றிக்கொள்ளச் சொன்னால் அந்த அம்மாள் போக மாட்டார்.

குழு என்னிடம் ஒரு கேள்விதான் கேட்கும். 2023 ஆகஸ்ட் மாதத்து ஊதும் சோதனைக்கும் நவம்பர் மாதத்துச் சோதனைக்கும் நடுவில் அத்தாயியின் நுரையீரல் கொள்ளளவு நூற்றுக்குப் பத்தொன்பது குறைந்திருக்கிறது. ஏன் முன்பே கூப்பிடவில்லை? வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மூச்சுத் திணறலுக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும் என்று நோட்டுப் புத்தகம் கொடுத்தோமே, அந்த எண்களைப் பார்த்துத்தான் இடையில் கூப்பிடுவோம். அவளுக்கு விரல் மடங்காததால் நீ எழுதி, ஜீவாவுக்குப் படம் எடுத்து அனுப்பினாய். இப்போது எடுத்துப் பார்த்தேன். மூன்று, மூன்று, மூன்று, நான்கு, மூன்று. அப்படித்தான் போகிறது. நுரையீரல் அவ்வளவு குறைந்த ஒருவருக்கு மூன்று வராது.

அவள் உன்னிடமும் மறைத்தாளா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒப்புதல் படிவத்தின் பதினான்காம் பக்கம் உனக்கு நினைவிருக்கும். எங்களைவிடக் கவனமாக நீ படித்தாய் என்று ஜீவா இன்றும் சொல்கிறாள். 'நோய் கட்டுப்படாத பங்கேற்பாளர்கள் ஆய்விலிருந்து விலக்கப்படலாம்.' அதற்கு அடுத்த பத்தி: 'மூச்சுத் திணறல் எண் தொடர்ந்து இரண்டு வாரங்கள் மூன்று புள்ளி கூடினால் உடனடியாகச் சோதனை செய்யப்படும். நுரையீரல் பாதிப்பு உறுதியானால், அதுவரை அவர் எந்தக் குழுவில் இருந்திருந்தாலும், அசல் மருந்து தரப்படும்.' அவள் ஆறு என்று சொல்லியிருந்தால் அந்த வாரமே வரச் சொல்லியிருப்போம். நவம்பரில் எங்களுக்குத் தெரிந்தபோது மருந்தைத் தாங்கும் நிலையில் அவள் இல்லை.

அம்மா நன்றாக இருக்கிறார். காதுதான் கேட்பதில்லை. "தமிழு ஏன்டா வர்றதே இல்ல, நீ என்ன சொல்லித் தொலச்சே அவன?" என்று வாரம் ஒரு முறையாவது என்னைத் திட்டுகிறார். பதில் எழுது.

உன்
இஜாஸ்

*

நாமக்கல்
4.8.2025

இஜாஸுக்கு,

பதினான்காம் பக்கத்தை எனக்கு நீ நடத்த வேண்டியதில்லை. படிவம் என்னிடமும் ஒரு பிரதி இருக்கிறது.

கேட்டதற்குப் பதில். அவள் மறைத்தாள். அவள் அப்படிப்பட்டவள்தான். கிருத்திகா பிறந்த அன்று வலி எடுத்த பிறகும் எனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, நான் பஸ் ஏறிய பிறகுதான் பக்கத்து வீட்டில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எத்தனை என்று கேட்பேன். மூன்று என்பாள். எழுதுவேன். அவள் சொன்னதை எழுதுவதுதான் என் வேலை. என் வேலையை நான் செய்தேன்.

டாக்டர் வேலையை நீ செய்தாயா என்பதுதான் கேள்வி. மருந்து ஏற்ற வரும்போதெல்லாம் அவளைப் பதினேழு இடத்தில் கிள்ளினாய். ஆறு நிமிடம் வராந்தாவில் நடக்கவிட்டு மீட்டர் கணக்குப் பார்த்தாய். ஒரு முறையாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அத்தாயி எப்படி இருக்கிறாய் என்று கேட்டாயா? நோட்டில் மூன்று இருந்தால் மூன்று என்று நம்பிவிடுவதா? என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் திடீரென்று தொண்ணூறு வாங்கினால் நான் கூப்பிட்டு விசாரிப்பேன்.

நல்லம்மாளைக் காட்டி என்னை மிரட்டாதே. அவருக்கு மருந்து நிற்பதற்கு நான் பொறுப்பில்லை. என் மனைவிக்கு மருந்து ஆரம்பிக்கவே இல்லை.

உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

தமிழரசு

*

சேலம்
27.8.2025

அன்புள்ள தமிழு,

நாற்காலியைப் பற்றி நீ எழுதியது சரி. ஆய்வில் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று நினைத்து, அத்தாயியிடம் மற்றவர்களிடம் பேசுவதைவிடக் குறைவாகப் பேசினேன். ஆகஸ்ட் சோதனையிலேயே கொஞ்சம் குறைந்திருந்தது, நூற்றுக்கு நான்கு. விதிப்படி அது கணக்கில் வராது. நண்பனாக இருந்திருந்தால் அன்று உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருப்பேன். இதைக் குழுவிடமும் சொல்லப்போகிறேன்.

எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டதை இப்போது எழுதுகிறேன். நேற்று முன்தினம் நல்லம்மாள் வந்திருந்தார். தவணை நாள் என்று வந்துவிட்டார். நிறுத்தி வைத்திருப்பது அவருக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டார். அத்தாயி விஷயமாக விசாரணை, மூச்சு அவ்வளவு மோசமானது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது என்றுதான் சொன்னேன். உன் பெயரை எடுக்கவில்லை.

"தெரியாமெப் போச்சுங்களா? அந்தப் புள்ள எங்கிட்டப் போன்ல சொல்லுச்சே டாக்டரு. ஆறு, ஏழுன்னுதான் சொல்றனுங்கக்கா, அவரு மூணுதான் போடறாருன்னு. ஃபெயிலாப் போற பசங்களுக்கெல்லாம் மார்க்கத் தூக்கிப் போட்டு உடுவாரு, பொண்டாட்டிக்கு மட்டும் கொறைக்கறாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. அப்பறம் அந்தச் சிரிப்புலயே இருமல் வந்து போன வெச்சிருச்சு."

சொல்லிவிட்டு அவர் அழுதார். நானும் அழுதேன், அங்கே வேறு என்ன செய்ய முடியும்? ஜீவா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

தமிழு, நீ ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். விலக்கிவிடுவார்கள் என்று பயந்தாய். நல்ல மருந்து போய்க்கொண்டிருக்கிறது, நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தாய். அவளைக் காப்பாற்றத்தான் செய்தாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்டோபரிலேயே அசல் மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நீ கேட்பாய். தெரியாது. சிலருக்குக் கேட்டிருக்கிறது, சிலருக்குக் கேட்கவில்லை. இதற்குமேல் உறுதியாகச் சொல்லும் டாக்டரை நம்பாதே.

எனக்கு வேண்டியது ஒரு வரி. 'என் மனைவி சொன்ன எண்களை நான் குறைத்து எழுதினேன்.' கீழே கையெழுத்து, தேதி. அது போதும். நல்லம்மாள் சொன்னதை வைத்து நான் போக முடியாது. தனக்கு மருந்து வேண்டும் என்பதற்காகச் சொல்கிறார் என்பார்கள். கையெழுத்தில்லாத காகிதத்தையும் குழு தொடாது. உன்மேல் யாரும் வழக்குப் போடப்போவதில்லை, அதை நான் வக்கீலிடம் கேட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புகாரில் கிருத்திகாவின் கையெழுத்தும் இருப்பதால், நீ தருவதன் நகல் அவளுக்குப் போகும். அதை என்னால் நிறுத்த முடியாது. அதற்கு முன்னால் நீயே அவளிடம் சொல்லிவிட்டால் நல்லது. வேண்டுமென்றால் நானும் வருகிறேன். வாசலில் நிற்க வைத்தாலும் பரவாயில்லை, வருகிறேன்.

இஜாஸ்

*

நாமக்கல்
19.9.2025

இஜாஸ்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். இரண்டாம் வாரம் நல்லம்மாள்மேல். அதன் பிறகு கோபப்பட ஆள் கிடைக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

படிவத்தை அன்று உன் ஆஸ்பத்திரி மேசையில் வைத்துப் படித்தேன். இருபத்திரண்டு பக்கம். ஜீவா பக்கத்தில் வந்து, "சார், ஒவ்வொண்ணா வெளக்கட்டுங்களா?" என்று கேட்டாள். "நான் பயாலஜி வாத்தியாரும்மா, எனக்கு வெளக்க வேண்டியதில்ல" என்றேன். நீ வந்து விளக்கத் தொடங்குவதற்குள் படித்து முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. உன் வாயால் எதிர்ப்பொருள் என்றால் என்ன என்று கேட்பதை என்னால் தாங்க முடியாது. நான் அதைக் கவட்டை மாதிரி பலகையில் வரைந்து காட்டி எத்தனையோ பேரை டாக்டர் ஆக்கியிருக்கிறேன். பதினான்காம் பக்கத்தில் விலக்கப்படலாம் என்ற வார்த்தையைப் பார்த்தேன். அந்த வார்த்தையிலேயே மனம் நின்றுவிட்டது. கண் கீழே போயிருக்கும், படிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

முதல் முறை ஏற்றிவிட்டு வந்த அன்று அவள் சாயங்காலம்வரை நன்றாகத் தூங்கினாள். ஒவ்வாமை வராமலிருக்க முன்னால் போடும் ஊசியால் வந்த தூக்கம் என்று இப்போது தெரிகிறது. அன்று, மருந்து பேசுகிறது, இஜாஸ் செய்துவிட்டான் என்று நினைத்தேன். உனக்கு மனதுக்குள் நன்றிகூடச் சொன்னேன். என் வாழ்க்கையில் உனக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான், அதுவும் நீ செய்யாத காரியத்துக்கு.

அதனால்தான் செப்டம்பரில் அவள் ஐந்து என்று சொல்லத் தொடங்கியதும் எனக்குப் பயம் வந்தது. அக்டோபர் முதல் தேதி ஞாயிறு. அவள் அடுப்படியிலிருந்து வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எத்தன போடட்டும்?"

"ஆறு போடுங்க மாமா."

"ஆறா? அங்கிருந்து இங்க நடந்துதான வந்த?"

"வந்தேன். வந்ததுக்குத்தானுங்க ஆறு."

"ஆறுன்னு போட்டா உன்னய வெளிய அனுப்பிருவாங்க. மருந்து நின்னு போயிரும். பரவால்லியா?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்ப நீங்களே பாத்துப் போடுங்க. நீங்க படிச்சவரு, உங்குளுக்குத் தெரியாதுங்களா?"

மூன்று போட்டேன். நடுவில் ஒரு வாரம் நான்கு போட்டேன். எல்லாம் மூன்றாகவே இருந்தால் நம்ப மாட்டார்கள். செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போடுகிறவனுக்கு இது தெரியும். எல்லோருக்கும் ஒரே எண்ணைப் போட்டால்தான் மேலே இருந்து கேள்வி வரும். ஒரு பையன் ஒரு மதிப்பெண்ணில் போய்விடக் கூடாது என்று வருடா வருடம் தூக்கிப் போடுகிறேன். ஒன்றேகால் மதிப்பெண்ணில் போனவன் நான். என் பெண்டாட்டியும் ஓர் எண்ணால் வெளியே போய்விடக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் இதில் இருந்தது.

உன்னிடம் கேட்டிருக்கலாம். அக்டோபரில் இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். எண் கூடினால் என்ன செய்வாய் என்று ஒரே ஒரு கேள்வி. நீ ஒரு நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பாய். பள்ளிக்கூட நாளிலிருந்து நீதான் என்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறாய், நான் உன்னிடம் கேட்டதில்லை. அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

சென்ற மாதம் உனக்கு எழுதியதில், மூன்று என்பாள், எழுதுவேன் என்று சொன்னேன். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். செத்துப்போனவள்மேல் பழியைப் போட்டுவிட்டு அவள் வாங்கி வைத்த தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உன் கடைசிக் கடிதம் வந்த பிறகு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தொங்கும் 2023ஆம் வருடத்து மாதக் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். கோழித் தீவனக் கடையில் கொடுத்தது. பால் வராத நாள், சிலிண்டர் மாற்றிய நாள் எல்லாம் அதில்தான் குறிப்பாள். நான் அதைத் தொட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் மூலையில் பென்சிலால் ஓர் எண் இருக்கிறது. மடங்காத விரலால் எழுதியது, கோணல் கோணலாக. செப்டம்பரில் நான்கு, நான்கு, ஐந்து, ஐந்து. அக்டோபரில் ஆறு, ஆறு, ஆறு, ஏழு, ஏழு. நவம்பர் ஐந்தாம் தேதி எட்டு. தீபாவளியும் ஞாயிறுதான். அதிலும் எட்டு. அன்று அவள் பலகாரம் சுட்டாள்.

எதற்காக எழுதினாள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க இல்லை. அதற்கு ஜீவாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தான் சொன்ன எண் எங்காவது ஓரிடத்தில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். வீட்டில் நோட்டுப் புத்தகம் என் கையில் இருந்தது. அவளிடம் இருந்தது காலண்டர்தான்.

அக்டோபர் எட்டாம் தேதிக்கு இரண்டாவது ஆறு. உன் விதிப்படி அந்த வாரம் அவளைக் கூப்பிட்டிருப்பாய். அவள் நவம்பர் பதினான்கில் வந்தாள். ஐந்து வாரம். நீ தெரியாது என்று எழுதியதை நம்புகிறேன். நம்பினாலும் அந்த ஐந்து வாரம் என்னிடம்தான் இருக்கிறது.

நீ கேட்ட ஒரு வரியை நான்கு தாள்களில் எழுதிப் பார்த்தேன். வரி வந்துவிடுகிறது. கையெழுத்துப் போடும் இடத்தில் நிற்கிறேன். கிருத்திகா தினமும் மதியம் ஆபீசிலிருந்து போன் செய்கிறாள். "அப்பா, சாப்பிட்டீங்களா? பொய் சொல்லாதீங்க, என்ன கொழம்புன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்கிறாள். அம்மா இருந்தவரை என்னிடம் அப்படிப் பேசியதில்லை. எனக்கென்று மிச்சமிருப்பது அந்த ஒரு போன். நகல் அவள் கைக்குப் போன மறுநாள் அது வருமா என்று நினைக்கிறேன். வந்தாலும் குழம்பைப் பற்றிக் கேட்க மாட்டாள். போன வாரம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ரசம் என்றேன்.

புகாரைத் திரும்பப் பெறலாமா என்றும் யோசித்தேன். பெற்றால் ஏனப்பா என்று கேட்பாள். அதற்கும் இதே பதில்தான்.

அதனால் காலண்டர் தாள்கள் மூன்றையும் இதோடு வைக்கிறேன். எல்லாம் அவள் எழுத்து. நோட்டில் உள்ள எண்களோடு வைத்துப் பார்த்தால் குழுவுக்குப் புரியும். நல்லம்மாளுக்கு மருந்து போகட்டும். உன்மேல் தப்பில்லை. இதை எழுதவிடாமல் முப்பத்தைந்து வருடத்துக் கோபம் என்னைத் தடுக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இந்தத் தாள்களை வைத்துக் குழு கிருத்திகாவிடம் ஏதாவது கேட்கலாம். கேட்டால் அவளுக்குத் தெரியவரும். அவள் அம்மாவின் எழுத்திலிருந்து தெரியட்டும், என் கையெழுத்திலிருந்து வேண்டாம். இதுவும் அத்தாயிக்குப் பின்னால் போய் ஒளிவதுதான். உறவுக்காரர்களோடு சண்டை வந்தாலும், பள்ளிக்கூட நிர்வாகத்தில் பேச வேண்டியிருந்தாலும், அவளை முன்னால் அனுப்பிவிட்டு நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். இப்போதும் அதையே செய்கிறேன். தெரிந்துதான் செய்கிறேன்.

நீ வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வராதே. வந்தால் இந்த முறை வாசலில் நிற்க வைக்க மாட்டேன். ஆனால் உள்ளே உட்கார வைத்து உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. உன் அம்மாவிடம் நான் வெளியூர் போய்விட்டேன் என்று சொல்லிவிடு.

பதிவுத் தபாலில் அனுப்பினால் அனுப்புநர் பெயர் எழுத வேண்டும். சாதாரணத் தபாலில்தான் போடப்போகிறேன். வழியில் தொலைந்துபோனால் எனக்கு நிம்மதியாக இருக்குமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இருக்காது.

யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். கையெழுத்தில்லாத காகிதத்தைக் குழு தொடாது என்று நீதான் எழுதினாய். மூன்று மணிக்குத் தபால் பெட்டியைத் திறந்து எடுப்பார்கள். இப்படிக்கு என்று எழுதி, அதற்குக் கீழே எதுவும் போடாமல், அதையும் அடித்துவிட்டேன். கையெழுத்தில்லாமலேயே போட்டுவிடுகிறேன்.